வீடியோ முடிஞ்ச பிறகு என்ன தெரியணும்?

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கும்பகோணத்திலிருந்து போன் பண்ணாங்க. வழக்கமான விசாரிப்பெல்லாம் முடிஞ்சு, கொஞ்சம் தயங்கி, "அந்த வீடியோ முடியறப்ப அப்பா கண்ணை மூடிக்கிட்டே நிக்கிறாருடா. அதை மாத்த முடியாதா?"ன்னாங்க.

எனக்கு முதல்ல புரியலை. அப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோவை, சொந்தக்காரங்க பார்க்கட்டும்னு ஒரு இணையப் பக்கத்துல போட்டு வெச்சிருக்கேன். அப்பா இப்ப இல்லை. நான் புனேல, தம்பி சூரத்ல. அந்தப் பக்கம்தான் எங்க வீட்டு ஆல்பம். முகப்புல ரெண்டு பேரும் மாலையோட சிரிக்கிற படத்தை வெச்சதும் நான்தான். அன்னிக்குத்தான் முதல் தடவையா கடைசி வரைக்கும் ஓடவிட்டேன். வீடியோக்காரர் நிறுத்தின நொடியில அப்பா கண் சிமிட்டியிருக்கார். அப்படியே நின்னுடுச்சு. அம்மா தினமும் கடைசியா பார்க்கிறது அதைத்தான்.

எனக்குப் பொழைப்பே வெப் வேலைதான். இருந்தும் யோசிக்கலை பாருங்க!

விஷயம் இதுதான். எச்டிஎம்எல் வீடியோல முகப்புப் படத்துக்கு 'போஸ்டர்'னு பேரு. ப்ளேயை அமுக்கற வரைக்கும்தான் அது தெரியும். முடிஞ்சதும் தானா திரும்பி வராது, கடைசி ஃப்ரேம் நிக்கும். திரும்ப வரணும்னா, வீடியோ முடிஞ்சதைச் சொல்ற 'எண்டட்' நிகழ்வு வந்ததும் 'லோட்'டைக் கூப்பிடணும். ஒரே வரி வேலை. ஆனா 'ஆட்டோப்ளே' போட்டிருந்தா எடுத்துடுங்க. இல்லேன்னா வீடியோ மறுபடி முதல்லேருந்து ஓட ஆரம்பிச்சுடும்.

ஆட்டோப்ளே எனக்குப் பிடிக்காததுக்கு வேற காரணமும் உண்டு. 2018-ல க்ரோம் சத்தத்தோட தானா ஓடறதைப் பெரும்பாலும் தடுத்துடுச்சு. உடனே எல்லாரும் சத்தமில்லாம ஓடவிட ஆரம்பிச்சாங்க. சத்தம் இல்லேன்னாலும் டேட்டா போகுதே! அம்மா மாதிரி தினசரி டேட்டா பேக்ல இருக்கிறவங்களுக்கு அது காசு. 'ப்ரீலோட்'டை 'நன்'னு வெச்சா, தொடற வரைக்கும் வீடியோவை இறக்க வேண்டாம்னு பிரவுசருக்குச் சொன்ன மாதிரி. அப்ப போஸ்டர் கட்டாயம் வேணும், இல்லேன்னா வெறும் கட்டம்தான் தெரியும். அந்தப் படமும் சின்ன சைஸா இருக்கட்டும்.

"கடைசி ஃப்ரேம் நின்னா என்ன, அதானே இயல்பு?"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். சினிமாவுக்குச் சரி. அங்கே முடிவை எடிட்டர் யோசிச்சு வைக்கிறார். வீட்டு வீடியோல கடைசி ஃப்ரேம்ங்கிறது கேமராவை அணைச்ச தற்செயல். அது நம்ம வீட்டு மனுஷங்களோட முகமா நிக்கணுமா? எந்தப் படம் எப்பத் தெரியணும்கிறதைப் போடறவங்கதான் முடிவு பண்ணணும், பிரவுசர்கிட்ட விடக்கூடாதுங்கிறது என் கட்சி.

ஊரை விட்டு வந்த நம்ம வீடுகள்ல, பெரியவங்க பாதி நாள் இந்தச் சின்னத் திரையிலதான் நம்மளைப் பார்க்கிறாங்க. நீங்க போட்ட வீடியோவையும் ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓடவிட்டுப் பாருங்க.

அன்னிக்கு ராத்திரியே மாத்திட்டேன். மறுநாள் அம்மா போன்ல அதைப் பத்திப் பேசவே இல்லை. "அந்தப் பட்டுப்புடவை பீரோல பத்திரமா இருக்குடா"ன்னு மட்டும் சொன்னாங்க.