பிணையும் பிணிப்பும்

'பிணை' என்னுஞ் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு என மாணவர்க்குக் கூறுவது எமது வழக்கம். ஒருவர்பொருட்டு மற்றொருவர் பொறுப்பேற்று நிற்றல் ஒன்று, கட்டுதல் மற்றொன்று, பெண்மான் பிறிதொன்று. இம்மூன்றும் ஓரிடத்தில் வந்து கூடுதல் அரிது என்றே யானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அண்மையில் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அவை கூடக் கண்டேன்.

முன்னொருகால் என்னிடம் கற்ற பெண் ஒருத்தி தன் தாயுடன் வந்தாள். வளைகுடா நாடொன்றுக்கு வீட்டுப் பணிக்குச் செல்ல ஆயத்தமாகியிருந்தாள். முகவர் ஒருவர் கொடுத்த ஒப்பந்தத் தாளை நீட்டி, "ஐயா, நாளைக்குக் கையெழுத்து வைக்க வேணும். இதிலே என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்றாள். ஒரு பாதி அரபு. மறு பாதி ஆங்கிலம். பழைய உரைகளின் நுட்பங்களை முப்பது ஆண்டுகளாக விரித்துரைத்த நாவு அத்தாளின்முன் அடங்கிற்று. ஆங்கிலம் அறிந்த ஆசிரிய நண்பர் ஒருவரை அழைத்து ஒருவாறு பொருள் தெரிந்துகொண்டோம். அன்றிலிருந்து இச்சட்டங்களைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

வளைகுடா நாடுகளில் வேற்றுநாட்டுத் தொழிலாளரை ஆளும் முறைக்குக் 'கபாலா' என்று பெயர். அரபு மொழியில் அது பொறுப்பேற்றலைக் குறிப்பது. தாய் தந்தையற்ற குழந்தையைத் தன் பொறுப்பில் வளர்த்தலுக்கும் அச்சொல்லே வழங்கும். எத்துணை உயர்ந்த சொல்! ஆயின் குடிவரவுச் சட்டத்துள் புகுந்தபோது அது தன் பொருள் திரிந்தது. தொழிலாளியின் வதிவிட அனுமதி தொழில்தருநர் ஒருவரின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் இசையாமல் வேறிடத்தில் பணி ஏற்றல் இயலாது. சில நாடுகளில் அவர் இசையாமல் தாயகம் மீளவும் இயலாது. கொடுமை தாங்காது வீட்டைவிட்டு வெளியேறினால், 'ஓடிப்போனவர்' என அவர் முறைப்பாடு செய்த அளவிலே தொழிலாளி சட்டவிரோதக் குடியாவார். பிணை நின்றவரே பிணிப்பவரும் ஆயினார்.

அண்மை ஆண்டுகளில் இந்நிலை சிறிது சிறிதாக மாறி வருகின்றது. கட்டார் நாடு 2018 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தால், நாட்டைவிட்டு வெளியேறத் தொழில்தருநரின் அனுமதி வேண்டும் என்னும் விதியைத் தொழிலாளருட் பெரும்பாலார்க்கு நீக்கியது. 2020 தை மாதத்தில் வீட்டுப் பணியாளர்க்கும் அதனை நீடித்தது. அவ்வாண்டிலேயே, வேறு தொழிலுக்கு மாறுவதற்கு முன்னைய தொழில்தருநரின் ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் வேண்டும் என்னும் விதியும் ஒழிந்தது. இரண்டாண்டுகள் வரை பணி செய்தவர் ஒரு மாத முன்னறிவித்தலும், அதற்கு மேற்பட்டவர் இரண்டு மாத முன்னறிவித்தலும் கொடுத்தால் போதும். 2021 பங்குனி 20 முதல், மாதம் 1,000 றியால் குறைந்தபட்ச ஊதியம் என்பதும், உறைவிடமும் உணவும் தராத தொழில்தருநர் அவற்றுக்கென முறையே 500, 300 றியால் கொடுக்க வேண்டும் என்பதும் நடைமுறைக்கு வந்தன. இவ்வூதிய விதி வீட்டுப் பணியாளரையும் உள்ளடக்கியது என்பது போற்றத்தக்கது.

ஆயினும் எல்லா நாடுகளிலும் காற்று ஒரே திசையில் வீசவில்லை. சவூதி அரேபியா 2021 பங்குனியில் தொழில் மாறும் உரிமையை வழங்கியபோது, வீட்டுப் பணியாளர், சாரதிகள், தோட்டக்காரர், இடையர் முதலியோரை அதற்குப் புறம்பாக நிறுத்தியது. லெபனானில் 2020 புரட்டாதியில் வீட்டுப் பணியாளர்க்கெனப் புதிய ஒப்பந்தம் ஒன்றைத் தொழில் அமைச்சு ஏற்றுக்கொண்டது. ஆட்சேர்ப்பு முகவர்களின் சங்கம் வழக்காடியதால், அடுத்த மாதமே அந்நாட்டு நிர்வாக நீதிமன்று அதனை இடைநிறுத்தியது. கட்டாரிலுங்கூட, சட்டம் மாறிய பின்னரும் பழைய தொழில்தருநரின் கையொப்பத்தைக் கேட்கும் வழக்கம் பலவிடத்துத் தொடர்ந்தது என மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. ஏட்டில் அவிழ்ந்த முடிச்சு வீட்டில் அவிழக் காலம் செல்லும்.

தொழில்தருநர் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நடுவுநிலையன்று. "முகவர்க்குப் பணம் கொடுத்தோம், விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் செலவிட்டோம், வந்தவர் மூன்றாம் மாதமே வேறிடம் போவாராயின் எம் இழப்பை யார் ஈடுசெய்வது?" என்பது அவர் வினா. வினா நேரியதே. ஆனால் பொருளிழப்புக்குப் பொருளாலன்றோ ஈடு தேடல் வேண்டும்? முன்னறிவித்தற் காலம் அதற்கெனவே அமைந்தது. முகவரோடு செய்த உடன்படிக்கையில் இழப்பீட்டுக்கு வழி வகுத்தலும் கூடும். ஒருவர் செலவிட்ட பணத்துக்கு மற்றொருவருடைய கடவுச்சீட்டும் நடமாட்டமும் ஈடாகா. பணி ஒப்பந்தம் உழைப்பைக் கொடுப்பது, உழைப்பவரைக் கொடுப்பதன்று. இவ்வேறுபாட்டைச் சட்டம் உணர்ந்ததே அண்மைத் திருத்தங்களின் உயிர்நிலை.

இனி நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். தலைவன் தலைவியை உடன்கொண்டு கடல் கடத்தல் வழக்கன்று எனத் தொல்காப்பியம் கூறும். பொருள்வயிற் பிரிவு ஆடவர்க்கே உரியது என்று நாமும் பாடஞ் சொல்லி வருகின்றோம். ஆயின் 1990களில் இலங்கையிலிருந்து தொழில் தேடிப் புறம்போந்தவருள் பெரும்பான்மையோர் பெண்கள். தலைவி தனியே கடல் கடந்தாள். தலைவன் குழந்தைகளோடு இல்லில் இருந்தான். பழைய இலக்கணத்துக்கு அடங்காத இப்பிரிவுக்குப் புதிய இலக்கணம் வகுத்தவர் எவர்? சட்டமியற்றுவோரே வகுத்தனர்.

அவர் வகுத்தது யாது? 2013 இல், வெளிநாடு செல்லும் பெண்ணின் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றனர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிக்குச் செல்லலாகாது என்றனர். 2022 இல் அவ்வயதெல்லையை இரண்டாகத் தளர்த்தினர். பிள்ளைகள்மேல் அரசு கொண்ட கவலையை யான் பழிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகின்றது. இவள் வீட்டின் பின்னணியை இத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தோமே, இவள் செல்லும் வீட்டின் பின்னணி யாது? அங்கு எத்தனை பேர்? முன்பு பணி செய்தவர் ஏன் நீங்கினார்? ஊதியம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா? இவற்றை எழுதிய தாள் ஒன்றை யானறிந்த பணிப்பெண் எவரும் எனக்குக் காட்டியதில்லை. ஒப்பந்தத்துக்கு இரு தலை உண்டெனின், ஆராய்ச்சியும் இரு தலைக்கும் ஒத்ததாதல் வேண்டும்.

ஆதலின் இரண்டு வேண்டுகோள். முதலாவது அரசுக்கு. கையொப்பம் இடுமுன் ஒப்பந்தம் முழுவதும் அவரவர் தாய்மொழியில் வாசித்து விளக்கப்படல் வேண்டும். அம்மொழியில் எழுதிய படியொன்று அவர் கையில் இருத்தல் வேண்டும். தொழில்தருநர் பற்றிய அறிக்கையும் அதனோடு இணைதல் வேண்டும். இரண்டாவது, என்னை உள்ளிட்ட தமிழாசிரியர்க்கு. அழைப்பிதழும் விண்ணப்பக் கடிதமும் எழுதப் பயிற்றும் வகுப்பிலே ஓர் ஒப்பந்தத்தை வாசிக்கவும் பயிற்றுவோம். 'முன்னறிவித்தல்', 'வதிவிட அனுமதி', 'ஓய்வு நாள்' என்னுஞ் சொற்களின் பொருளைப் பதினைந்து வயதில் அறிந்த பிள்ளை, இருபத்தைந்து வயதில் பிறர் நாவை நம்பிக் கையொப்பம் இடாது. இது தமிழ்ப் பாடத்துக்குப் புறம்பானது எனச் சொல்வார் உளராயின், சொல்லுக்குப் பொருள் காட்டுதலினும் தமிழாசிரியர்க்கு வேறு தொழில் யாது என்று அவரை வினவுவேன்.

அன்று வந்த பெண் மறுநாள் கையொப்பம் இடவில்லை. ஓய்வு நாளும் ஊதியத் தேதியும் தாளில் இல்லை என்பதை நண்பர் கண்டு சொன்னமையால், அவற்றை எழுதித் தரும்படி கேட்டாள். முகவர் முதலிற் சினந்தார். பத்து நாளின் பின் எழுதிக் கொடுத்தார். இப்பொழுது அவள் கடலுக்கு அப்பால் இருக்கின்றாள். ஒப்பந்தத்தின் படியொன்று தாயின் பெட்டியிலும், தமிழில் நாம் எழுதிய படியொன்று அவள் கைப்பையிலும் உள்ளன.