விரலுக்குத் தகுந்த வீக்கம், காலுக்குத் தகுந்த சைக்கிள்

"பிள்ளை வளர்ந்துவிடுவாள், கொஞ்சம் பெரிதாகவே வாங்கிவிடுவோம்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. தீபாவளிப் பாவாடைக்கு இது பொருந்தும். உள்ளே மடித்துத் தைத்துவிட்டு ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிடலாம். சீருடைக்கும் பொருந்தும். ஆனால் சைக்கிளுக்கு மட்டும் பொருந்தவே பொருந்தாது என்பது என் கருத்து. வளரும் பிள்ளைக்கு வாங்கும் சைக்கிள் அவளுடைய இன்றைய காலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நாளைய காலுக்கு அல்ல.

இது என்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். வாசுதேவநல்லூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களைப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் ஐந்தாம் வகுப்புவரை பள்ளி உண்டு. ஆறாம் வகுப்பென்றால் வெளியூர் செல்ல வேண்டும். தாருகாபுரம், நெற்கட்டும்செவல், ராயகிரி என்று எந்தத் திசையை எடுத்தாலும் சில கிலோமீட்டர் தூரம். பஸ்ஸைத் தவறவிட்டால் முதல் வகுப்பு போய்விடும். சைக்கிள் இருக்கும் பெண் தன் நேரத்துக்குத் தானே எஜமானி. அதனால் பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை ஒரு பெண்ணுக்குச் சைக்கிள் விளையாட்டுச் சாமான் அல்ல. அதுவே அவளுடைய படிப்பின் பாதை.

அந்தப் பெண்ணுக்கு அளவுக்கு மீறிய சைக்கிளைக் கொடுத்தால் என்ன நடக்கும்? சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. நாய் குறுக்கே ஓடினாலும், எதிரே லாரி வந்தாலும் காலை ஊன்ற முடியாமல் சாய்வாள். நம் ஊர் வழியாகச் செல்வது திருமங்கலத்திலிருந்து கொல்லம்வரை போகும் தேசிய நெடுஞ்சாலை. கேரளாவுக்குச் செல்லும் சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடும் சாலை அது. இரண்டு முறை விழுந்ததும் அம்மா பயப்படுவார். "நீ பஸ்ஸிலேயே போ" என்பார். சைக்கிள் தம்பிக்குப் போகும், அல்லது அண்ணனுக்குப் போகும். 'பெண் பிள்ளைக்குச் சைக்கிள் சரிப்படாது' என்று வீட்டில் ஒரு முடிவும் ஆகிவிடும். சரிப்படாதது பெண்ணா, அளவா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெரிய சைக்கிளிலேயே 'குரங்கு பெடல்' போட்டுக் கற்றுக்கொள்ளவில்லையா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். கற்றுக்கொண்டார்கள்தான். பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பைக் கோணலாக வளைத்து ஓட்டிய அந்தத் திறமைக்கு வணக்கம். ஆனால் பாவாடை கட்டிய பெண் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது முடிந்தது? மேலும், அதே காலத்தில் வாடகை சைக்கிள் கடைகளும் இருந்தன. அங்கே அரை வண்டி, முக்கால் வண்டி என்று சின்னச் சைக்கிள்களை மணிக்கணக்கில் எடுக்கலாம். பிள்ளை வளர வளர அடுத்த அளவை எடுப்பாள். யாரும் பெரிதாக வாங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று அந்தக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவற்றோடு நல்ல ஒரு முறையும் மறைந்துவிட்டது.

சரியான அளவைக் கண்டுபிடிப்பது கடினமா? இல்லை. வீட்டிலேயே செய்யலாம். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கால்களுக்கு இடையே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். இதுதான் காலளவு. பார் வைத்த சைக்கிளானால் பாரின் உயரம் இந்த அளவைவிட 2 அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவள் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு முன்பாதங்களையும் தரையில் ஊன்ற முடிய வேண்டும். சக்கர அளவைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 115 முதல் 135 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு 20 அங்குலம், 130 முதல் 150 செ.மீ. வரை 24 அங்குலம், அதற்கு மேல் 26 அங்குலம் பொருந்தும். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் வேறுபடலாம். ஆகவே பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பார்ப்பதே நல்லது.

காலோடு கையையும் பார்க்க வேண்டும். பிரேக் பிடி விரலுக்கு எட்டாவிட்டால் பிரேக் இருந்தும் இல்லாதது போலத்தான். பல பிரேக் பிடிகளில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைத் திருகினால் பிடி கைக்கு அருகில் வரும். இதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது எடை. 30 கிலோ எடையுள்ள சிறுமிக்கு 18 கிலோ சைக்கிள் என்றால் அது அவள் எடையில் பாதிக்கு மேல். 60 கிலோ எடையுள்ள அப்பாவிடம் 36 கிலோ சைக்கிளைக் கொடுத்து மிதிக்கச் சொல்வதற்குச் சமம். அப்பா சம்மதிப்பாரா?

இந்த இடத்தில் 'மவுண்டன் பைக்' என்னும் மலைச் சைக்கிளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்று சிறுவர், சிறுமியர் எல்லாரும் ஆசைப்படுவது அதைத்தான். தடித்த டயர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், கியர், கண்ணைப் பறிக்கும் நிறம். மேற்குத் தொடர்ச்சி மலை அருகிலேயே இருப்பதால் நமக்கு அதுதான் தேவை என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தச் சைக்கிள் பிறந்த கதையைக் கேளுங்கள். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், டமால்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் மலைச்சரிவில் ஓட்டுவதற்குப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றுக்கு நல்ல பிரேக்கும் கியரும் பூட்டிக்கொண்டார்கள். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் அதற்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமே சேர்க்கப்பட்டது. அவர்கள் தங்கள் பாதை என்ன கேட்டது என்று பார்த்துத் தங்கள் வண்டியைச் செய்தார்கள். நாமோ அவர்களுடைய பாதைக்குச் செய்த வண்டியின் தோற்றத்தை மட்டும் விலைக்கு வாங்குகிறோம்.

நம் பாதை என்ன கேட்கிறது? பள்ளிக்குப் போகும் வழி பெரும்பாலும் தார்ச்சாலை. மலைச்சரிவில் தாவிக் குதிக்க வேண்டியதில்லை. விலை குறைந்த சைக்கிள்களில் பின்பக்க ஸ்பிரிங் எடையைக் கூட்டுகிறது; மிதிக்கும் சக்தியில் ஒரு பகுதியையும் அது விழுங்கிவிடுகிறது. நமக்குத் தேவையான கேரியர், மட்கார்டு, செயின் கவர் ஆகியவை அத்தகைய சைக்கிள் பலவற்றில் இருப்பதில்லை. கேரியர் இல்லாவிட்டால் புத்தகப்பை முதுகில் ஏறும். மட்கார்டு இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சீருடையின் பின்புறம் சேறு. செயின் கவர் இல்லாவிட்டால் சுடிதாரின் கால்பகுதி செயினில் சிக்கும். துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் காப்பும் நமக்கு அவசியம். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பும் பத்தாம் வகுப்பு மாணவிக்கு ஸ்பிரிங்கைவிட விளக்கும் சிவப்பு ஒளிர்ப்பானும் முக்கியம்.

கியர் வேண்டாமா என்று கேட்கலாம். மேற்கே மலைப்பக்கம் ஏற்றத்தில் செல்பவர்களுக்கும், ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்றை எதிர்த்து மிதிப்பவர்களுக்கும் அது உதவும்தான். ஆனால் அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முன் பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், பெடலை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். பின்னால் 22 பற்கள் உள்ள ஃபிரீவீலை மாற்றிவிட்டால் இரண்டு முறைதான் சுற்றும். வேகம் சற்றுக் குறையும், மிதிப்பது இலகுவாகும். மெக்கானிக் அண்ணாச்சிக்கு இது சிறிய வேலை. கணக்குப் பாடத்தில் படிக்கும் விகிதம் காற்றடிக்கும் சாலையில் இப்படி உதவுகிறது!

சைக்கிள் யாருக்கோ ஏற்றதாக இருந்தால் போதாது, ஓட்டுபவருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு வரலாறு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். சில தாய்மார் அதையே விரும்பினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? அவர்களுக்கு அது சரியான வண்டி. பத்து வயதுச் சிறுமிக்கு அதே வண்டி சுமை.

அரசுகளும் சைக்கிளின் அருமையை உணர்ந்திருக்கின்றன. தமிழகத்தில் 2001-02-இல் மேல்நிலை வகுப்பில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் திட்டம் தொடங்கப்பட்டு, 2005-06-இல் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. பீகார் மாநிலத்தில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்தது. பள்ளி 3 கி.மீ. அல்லது அதற்கு மேல் தொலைவில் உள்ள ஊர்களில்தான் பலன் அதிகம்.

ஆனால் நமக்கு அரசு சைக்கிள் கிடைப்பது 11-ஆம் வகுப்பில். அதற்குள் ஒரு பெண் பெரும்பாலும் வளர்ந்து முடித்துவிடுகிறாள். 10 வயதிலிருந்து 14 வயதுவரை, அவள் வேகமாக வளரும் காலத்தில்தான் அளவுப் பிரச்சினை. அந்த நான்கைந்து ஆண்டுகளை எப்படிக் கடப்பது? "ஆண்டுக்கொரு சைக்கிள் வாங்க நாங்கள் என்ன ஜமீனா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு ஒரு சைக்கிளே பெரிய செலவு.

அதற்கு நான் இரண்டு வழிகள் சொல்லுவேன். முதலாவது, உள்ள சைக்கிளையே பிள்ளையோடு வளர விடுவது. சீட் கம்பியை உயர்த்தலாம். பல சைக்கிள்களில் ஹேண்டில்பாரையும் உயர்த்தலாம். கம்பியில் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தக் கூடாது, கம்பி முறியும். பாதத்தின் முன்பகுதி கீழ்ப் பெடலில் இருக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருந்தால் உயரம் சரி. ஓட்டப் பழகிய பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேனரை எடுத்து இதைச் செய்தால், சரியான அளவில் வாங்கிய ஒரு சைக்கிள் இரண்டு மூன்று ஆண்டுகள் உழைக்கும்.

இரண்டாவது, சைக்கிளைக் கைமாற்றுவது. நம் வீடுகளில் மாடிப்படியின் கீழும் மாட்டுக்கொட்டகையிலும் துருப்பிடித்துக் கிடக்கும் சின்னச் சைக்கிள்கள் எத்தனை! ஃபிரேமில் விரிசலும் ஃபோர்க்கில் வளைவும் இல்லாவிட்டால் அதற்கு மறுவாழ்வு உண்டு. ஓவராயிலிங் செய்து, டயர், டியூப், பிரேக் கட்டை, பிரேக் கம்பி ஆகியவற்றைப் புதிதாகப் போட்டு, சக்கரத்தைக் கோட்டம் எடுத்தால் ஒரு சிறுமிக்கு வண்டி தயார். புதிய பெரிய சைக்கிளைவிட இது மலிவு.

ஆகவே நம் தலைமை ஆசிரியை அவர்களிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் சுவரில் காலளவுக் கோடுகள் வரையலாம். அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்து, 'கொடுப்பவர்', 'தேவைப்படுபவர்' என்று இரண்டு பக்கம் எழுதலாம். 11-ஆம் வகுப்பில் அரசு சைக்கிள் கைக்கு வந்ததும் அக்காமார் தங்கள் பழைய சைக்கிளைத் தங்கைமாருக்குக் கொடுக்கலாம். அந்தத் தங்கை தன் சின்னச் சைக்கிளை ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். இப்படி ஒரு புதுச் சைக்கிள் வரும்போது மூன்று பிள்ளைகளுக்கு வழி பிறக்கும்.

அடுத்த ஆண்டு என் வகுப்புத் தோழியர் பலர் மேல்நிலை வகுப்புக்குச் செல்வோம். தோழியரே, புதுச் சைக்கிள் கிடைத்ததும் பழையதை இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் அளவுக்கான கால்கள் இப்போது ஆறாம் வகுப்பில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கின்றன.

பத்தாம் வகுப்பு மாணவி