மூன்றாவது போருக்கு முன் ஒரு கணக்கு

“ரெண்டு போர் பொய்த்துப் போச்சு, மூணாவதுல கண்டிப்பா தண்ணி வரும்.” சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் பக்கம் போர்வெல் வண்டி நிற்கும் வயல்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். கையில் இருந்த பணம் முதல் இரண்டு குழிகளிலேயே போயிருக்கும். மூன்றாவதுக்கு நகை அடகுக்குப் போகும், அல்லது வட்டிக்குப் பணம் வரும். அதிலும் புழுதிதான் பறந்தது என்றால், அந்தக் கடனை அடைக்க அடுத்த இரண்டு மூன்று போகமும் போதாது.

விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறவர் விவசாயி. ஆனால் “நடக்குமா, நடக்காதா” என்ற இடத்தில் மட்டும் கணக்கை விட்டுவிட்டு நம்பிக்கையைப் பிடித்துக்கொள்கிறோம். மேல்நிலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் நிகழ்தகவு என்று படிக்கிறார்களே, அந்தப் பாடம் உண்மையில் தேவைப்படும் இடம் நம் வயல்தான். வேளாண் பயிற்சிக் கூட்டங்களில் உரம், மருந்து பற்றிப் பேசுவதைப் போல இதையும் பேச வேண்டும் என்பது என் கருத்து.

தனி நிகழ்ச்சி, கட்டிய நிகழ்ச்சி

ஒன்று நடப்பது மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாவிட்டால் அவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறது பாடப் புத்தகம். மாற்றினால் அவை சார்ந்த நிகழ்ச்சிகள். இரண்டு மாடு தனித்தனி முளையில் கட்டியிருந்தால் ஒன்று போகும் வழியில் மற்றது போக வேண்டியதில்லை. ஒரே கயிற்றில் பிணைத்திருந்தால் ஒன்று இழுத்தால் மற்றதும் நகரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

உளுந்தை எடுத்துக்கொள்வோம். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம். அதாவது நான்கில் ஒரு விதை முளைக்காமல் போகலாம். குழிக்கு இரண்டு விதை ஊன்றினால், இரண்டுமே முளைக்காமல் போகும் வாய்ப்பு கால் பெருக்கல் கால், அதாவது பதினாறில் ஒன்று. நூறு குழிக்கு ஆறு குழிதான் பொக்காக நிற்கும். ஒவ்வொரு விதையும் தன் தரத்தால் மட்டும் முளைக்கிறது அல்லது முளைக்காமல் போகிறது என்றால் இந்தப் பெருக்கல் சரி. மண்ணில் ஈரமே இல்லை என்றால்? ஒரு விதையைக் கெடுத்த அதே காய்ச்சல் பக்கத்து விதையையும் கெடுக்கும். அப்போது குழிக்கு மூன்று விதை ஊன்றினாலும் பலன் இல்லை.

சந்தையில் ஆடு வாங்குவது இன்னொரு வகை. பட்டியில் 10 ஆடு, அதில் 3 நோயுற்றவை, பார்த்தால் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆடு பிடிக்கிறோம். முதல் ஆடு நல்லதாக இருக்க வாய்ப்பு பத்தில் ஏழு. அது நல்லதாக அமைந்துவிட்டால் மிச்சம் 9 ஆட்டில் நல்லவை 6 மட்டுமே. ஆக இரண்டும் நல்லவையாக இருக்க வாய்ப்பு பத்தில் ஏழு பெருக்கல் ஒன்பதில் ஆறு, அதாவது பதினைந்தில் ஏழு. பாதிக்கும் குறைவு. “பத்துல ஏழு நல்லதுதானே” என்று நினைத்து இரண்டு பிடித்தவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். முதலில் எடுத்தது இரண்டாவதின் வாய்ப்பை மாற்றிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

போர்வெல் கணக்கு

இப்போது மூன்றாவது போருக்கு வருவோம். கல்வராயன் மலையடிவாரம் முழுக்கக் கடும்பாறைப் பகுதி. இங்கே தண்ணீர் மேலே உள்ள சிதைந்த பாறையிலும், கீழே உள்ள பாறை வெடிப்புகளிலும்தான் நிற்கிறது. வெடிப்பு ஓடும் நிலமும் உண்டு, ஓடாத நிலமும் உண்டு. அடுத்தடுத்த வயல்களில் ஒன்றில் தண்ணீர் பீறிடுவதும் மற்றதில் புழுதி பறப்பதும் அதனால்தான்.

கணக்குக்காக ஓர் ஊரில் 100 விவசாயிகளை எடுத்துக்கொள்வோம். 50 பேர் நிலத்தில் வெடிப்பு நன்றாக ஓடுகிறது. அங்கே போடும் ஐந்து போரில் நான்கில் தண்ணீர் வரும். மற்ற 50 பேர் நிலம் வறண்ட பாறை. ஐந்தில் ஒன்றில்தான் வரும். யார் நிலம் எது என்று யாருக்கும் தெரியாது.

எல்லோரும் முதல் போர் போடுகிறார்கள். நல்ல நிலத்தில் 40 பேருக்கும் வறண்ட நிலத்தில் 10 பேருக்கும் தண்ணீர் வருகிறது. மொத்தம் 50. பாதிக்குப் பாதி. “நம்ம ஊர்ல ரெண்டுக்கு ஒண்ணு வரும்” என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

பொய்த்த 50 பேர் யார்? நல்ல நிலத்துக்காரர் 10 பேர், வறண்ட நிலத்துக்காரர் 40 பேர். இவர்கள் அதே நிலத்தில் இரண்டாவது போர் போட்டால் அந்த 10 பேரில் 8 பேருக்கும், 40 பேரில் 8 பேருக்கும் வரும். 50-க்கு 16. பாதியாக இருந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

இன்னும் பொய்த்தவர்கள் 34 பேர். இவர்களில் நல்ல நிலம் 2 பேருக்கு மட்டுமே. மூன்றாவது போரில் இந்த 34 பேரில் தண்ணீர் பார்ப்பவர் ஏறக்குறைய 8 பேர். நான்கில் ஒன்றுகூட இல்லை.

ஆக, பொய்த்த ஒவ்வொரு போரும் “உன் நிலத்தின் அடியில் பாறை இப்படித்தான்” என்று ஒரு செய்தி சொல்கிறது. “ரெண்டு போச்சு, மூணாவது வரும்” என்பது அந்தச் செய்தியை நேர் தலைகீழாகப் படிப்பது. நாணயம் சுண்டுவதைப் போல ஒவ்வொரு போரும் தனி நிகழ்ச்சி என்று வைத்தாலும் மூன்றாவதின் வாய்ப்பு பாதிதான், கூடாது. ஒரே நிலத்துப் போர்கள் ஒரே பாறையோடு கட்டப்பட்டவை என்பதால் அது பாதியிலும் பாதியாகக் குறைகிறது. என் கணக்கில் உள்ள எண்கள் உங்கள் ஊருக்கு மாறும். வாய்ப்பு இறங்கும் திசை மாறாது. அடகுக் கடைக்குப் போகும் முன் நிலத்தடி நீர் ஆய்வுக்குச் செலவு செய்வதும், இரண்டுக்குப் பிறகு நிறுத்திக்கொள்வதும் கோழைத்தனம் ஆகாது.

கால்வாயும் கிணறும்

“கால்வாய் பொய்த்தால் கிணறு இருக்கு” என்பது கோமுகி பாசனத்தில் பலர் சொல்லும் தைரியம். இரண்டு நீராதாரம் இருப்பது நல்லதுதான். ஆனால் 46 அடி உயரக் கோமுகி அணை நிரம்புவது கல்வராயன் மலையில் பெய்யும் மழையால். அடிவாரக் கிணறுகள் ஊறுவதும் அதே பருவ மழையாலும், அணையும் கால்வாயும் ஏரியும் நிரம்புவதாலும்தான். அணை வறண்ட ஆண்டில் கிணறும் இறங்கும். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள்.

பயிரிலும் இதே கதை. மானாவாரியில் பாதி மக்காச்சோளம், பாதி பருத்தி போட்டால் ஆபத்து பாதியாகும் என்கிறோம். ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பொய்க்கும் என்று வையுங்கள். இரண்டும் தனித்தனி நிகழ்ச்சி என்றால் இரண்டும் சேர்ந்து பொய்ப்பது 25 ஆண்டுக்கு ஒருமுறை. 100 ஆண்டில் 4 முறை. ஆனால் 100 ஆண்டில் 20 வறட்சி ஆண்டு என்றும், வறட்சியில் ஒவ்வொரு பயிரும் ஐந்தில் நான்கு முறை பொய்க்கும் என்றும், நல்ல ஆண்டில் இருபதில் ஒருமுறைதான் பொய்க்கும் என்றும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பயிரும் இப்போதும் 100 ஆண்டில் 20 முறைதான் பொய்க்கிறது. இரண்டும் ஒன்றாகப் பொய்ப்பதோ 13 முறை. நாம் எதிர்பார்த்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரத்தில் இரண்டு ஊரில் இரண்டு வயல் வைத்திருப்பவர் நிலத்தைப் பிரித்து வைத்திருக்கிறார், ஆபத்தைப் பிரிக்கவில்லை.

மலையில் உள்ள பழைய முறையைப் பார்த்தால் இது புரியும். சாமை, தினை, கேழ்வரகு, கூடவே புளி, பலா, கடுக்காய் என்று கல்வராயன் மலைவாசிகள் வைத்துக்கொண்டவை ஒரே மழையை, ஒரே மாதத்தை, ஒரே வியாபாரியை நம்பி நிற்பவை அல்ல. எத்தனை பயிர் என்பதைவிட எத்தனை காரணங்களை நம்பி நிற்கிறோம் என்று பார்ப்பதே சரியான எண்ணிக்கை.

மரவள்ளிக் குச்சி பார்ப்பது

மரவள்ளியில் தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவும்; நோயுற்ற செடியின் குச்சியாலும் பரவும். வெட்டிக் கட்டிய குச்சியில் இலை இருக்காது, நோயின் அடையாளம் தெரியாது. ஆகவே இலையோடு பயிர் நிற்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது. ஐந்தில் ஒரு செடி நோயுற்ற வயல் என்று வைப்போம். வயல் முழுக்க நடந்து, தள்ளித் தள்ளி 10 செடி பார்த்தால், நோய் ஒன்றுகூட கண்ணில் படாமல் போக 100-க்கு 11 வாய்ப்புதான். வரப்போரம் நின்று பக்கத்தில் பக்கத்தில் 10 செடி பார்த்தால் அப்படி இல்லை. நோய் திட்டுத் திட்டாக இருப்பதால் அந்தப் பத்தும் ஒன்றுபோல இருக்கும். அது இரண்டு செடி பார்த்ததற்குச் சமம் என்று வைத்தால், ஏமாற வாய்ப்பு 100-க்கு 64. பார்த்தது பத்துதான், கிடைத்த தகவல் இரண்டுக்குத்தான்.

ஒரே ரகம், ஒரே மூலம் என்று நாடே நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. அங்கே ஏழைகள் ‘லம்ப்பர்’ என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகத்தைக் கிழங்கு வழியாகவே பெருக்கிச் சாப்பிட்டு வாழ்ந்தார்கள். 1845-ல் கருகல் நோய் வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான வயல்கள் இருந்தும் ஆபத்து ஒன்றாகவே இருந்தது.

எதற்கு எது மருந்து

இந்த வேறுபாடு தெரிந்தால் எந்தப் பாதுகாப்பை எங்கே வைப்பது என்பதும் தெரியும். கூட்டுப் பொறுப்புக் குழுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் நோய், இன்னொருவர் மாடு செத்தது என்பவை தனித்தனித் துன்பங்கள். ஒருவர் தடுமாறினால் மற்ற நான்கு பேர் தாங்குவார்கள். வறட்சி வந்தால் ஐந்து பேரும் ஒரே நாளில் தடுமாறுவார்கள். தாங்க ஆள் இருக்காது.

அங்கேதான் பயிர்க் காப்பீடு வேலை செய்கிறது. 2016-ல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி செலுத்தும் பங்கு காரீப் உணவுப் பயிர்களுக்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், வணிக, தோட்டக்கலைப் பயிர்களுக்கு அதிகபட்சம் 5 சதவீதம். விளைச்சல் இழப்பு உங்கள் வயலை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. கிராமம் அல்லது குறுவட்ட அளவிலான பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதனால் ஊரே பொய்த்த ஆண்டில் பணம் வர வாய்ப்பு அதிகம். உங்கள் மோட்டார் மட்டும் எரிந்து உங்கள் பயிர் மட்டும் காய்ந்தால் வாய்ப்பு குறைவு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற தனி வயல் சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்பது தனி விதி.

ஆக, ஊரோடு கட்டிய ஆபத்துக்குக் காப்பீடு. வீட்டோடு நிற்கும் ஆபத்துக்குக் குழுவும் கைச்சேமிப்பும். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் இரண்டும் கைவிடும். “காப்பீடு கட்டியும் வரலையே” என்ற கோபத்தில் ஒரு பகுதி, இந்த விளக்கத்தை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் வருவது.

“அனுபவம் போதாதா, விவசாயிக்கு ஏன் இந்தப் பெருக்கல்?” என்று கேட்கலாம். அனுபவம் பெரிய சொத்து. ஆனால் தண்ணீர் வந்த மூன்றாவது போரைப் பற்றி ஊரே பேசும். வராத போர்களை மூடி போட்டு மறைத்துவிடுவோம். கேட்ட கதையை மட்டும் எண்ணினால் அனுபவமும் ஏமாற்றும்.

வட்டார வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஒரு நோட்டு போடுங்கள். கடந்த பத்து ஆண்டில் போட்ட போர்கள் எத்தனை, அதில் முதல் போரில் தண்ணீர் வந்தது எத்தனை, இரண்டாவதில் எத்தனை, மூன்றாவதில் எத்தனை என்று விவசாயிகளிடமே கேட்டு எழுதுங்கள். எந்தெந்தப் பயிர் எந்தெந்த ஆண்டில் சேர்ந்து பொய்த்தது என்பதையும் எழுதுங்கள். ஒரு மாலை நேரக் கூட்டம் போதும். அந்த நோட்டில் வரும் எண்கள் நான் இங்கே வைத்த கற்பனை எண்களைவிட நூறு மடங்கு பயன்படும்.

விவசாயிகளுக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. “ரெண்டும் ஒண்ணா போகாது” என்று மனம் சொல்லும்போது, இரண்டையும் ஒன்றாகக் கெடுக்கக்கூடியது எது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மழையா, பாறையா, ஆறா, நோயா, ஒரே வியாபாரியா? பெயர் சொல்ல ஏதாவது ஒன்று அகப்பட்டால், வாய்ப்புகளைப் பெருக்கிப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். அடகு வைக்கப் போகும் நகையை அன்று பெட்டியிலேயே விட்டுவையுங்கள்.