கையைக் கட்டாதீங்க, கண்ணாடியைக் கொடுங்க

1/ பைபாஸ் முடிஞ்ச ரெண்டாம் நாள் ராத்திரி. "சுவத்துல எறும்பு ஊருது, என்னைக் கொல்லப் பாக்குறாங்க"ன்னு அப்பா கத்துறார், டியூபைப் பிடுங்குறார். நாங்க என்ன செய்றோம்? கையைக் கட்டிலோடு கட்டி, தூக்க ஊசி போட்டு, உங்களை வெளியே நிறுத்திடுறோம். மூணுமே குழப்பத்தைக் கூட்டும்.

2/ இது பைத்தியம் இல்லை. டெலிரியம். மூளையில் வரும் திடீர்க் குழப்பம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு வயசானவங்களுக்கு இது சகஜம். கத்தாம, கூரையையே வெறிச்சுட்டுப் படுத்திருக்கிறவருக்கும் இருக்கலாம். அவரை "சமத்தா தூங்குறார்"னு விட்டுடுறோம்.

3/ முதல்ல காரணத்தைத் தேடணும். ஆக்சிஜன், சோடியம், சர்க்கரை, கிருமித்தொற்று, வலி, சிறுநீர் அடைப்பு, திடீர்னு நின்ன குடி.

4/ ஹாலோபெரிடால் போட்டா சரியாகிடுமா? 2018ல் வெளியான மைண்ட்-யூஎஸ்ஏ ஆய்வில், ஐசியூ நோயாளிகளுக்கு அது டெலிரியம் நாட்களைக் குறைக்கலை. டம்மி மருந்து கொடுத்த மாதிரிதான்.

5/ உதவுறது எது? மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பகல் வெளிச்சம், ராத்திரி அமைதி, சீக்கிரமா எழுப்பி உட்கார வைக்கிறது. கூடவே தெரிஞ்ச குரல்: "அப்பா, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் இங்கதான் இருக்கேன்."

6/ "ஆள் பத்தலை, இன்ஃபெக்‌ஷன் வரும்"னு சொல்லுவாங்க. ஆள் பத்தாதது உண்மை. நைட் டூட்டியில் கையைக் கட்டச் சொன்னவன்தான் நானும். அதனாலதான் சொல்றேன்: கை கழுவிட்டு உள்ளே வர்ற மகள் தொல்லை இல்லை, வைத்தியம்.

7/ தயங்காம கேளுங்க: "அப்பா கண்ணாடி எங்கே? நான் எப்போ உள்ளே வரலாம்?"