தோத்தவன் பேராசைக்காரன், ஜெயிச்ச ஆப் திறமைசாலியா?

"ஆன்லைன் ரம்மியில பணத்தை விட்டவன் மேல எனக்கு இரக்கமே வராதுங்க. உழைக்காம சம்பாதிக்கணும்னு பேராசை. குப்பத்துலயும் கிராமத்துலயும்தான் இது அதிகம்." நகரத்தில் நல்ல வேலையில் இருக்கும், நாலும் படித்த மனிதர்களின் வாயிலிருந்து இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வர முடியவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குப்பத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிராமம் என்றால் தாம்பரம் தாண்டித்தான் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கப் போகும் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சிலிருந்து அப்படியே வடக்கே, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் பக்கம் நடந்தால் ஒரு கிராமம் வரும். ஊரூர் ஒல்காட் குப்பம். 2015-ல் அங்கே தொடங்கிய விழாவுக்குப் போய் கர்நாடக சங்கீதம் கேட்டவர்கள் உங்களிலேயே சிலர் இருப்பீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் அது கிராமம்தான். மதுராந்தகம் பக்கம் நெல் போடும் எனக்கு அங்கே போய் உட்கார்ந்து பேசினால் சொந்த ஊரில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். ரெண்டு பேர் பிழைப்பும் வானத்தையும் காற்றையும் நம்பித்தானே இருக்கு.

சொல்லப்போனால் எங்கள் பிழைப்பே ஒரு பந்தயம்தான். சொர்ணவாரிக்கு நாற்று விடும்போதே விதை, உரம், ஆள் கூலி என்று பணத்தை மண்ணில் கொட்டுகிறேன். அறுப்பு நேரத்தில் ரெண்டு நாள் மழை பிடித்தால் எல்லாம் போச்சு. அவர்கள் டீசல் செலவைத் தலையில் போட்டுக்கொண்டு விடியுமுன் படகைத் தள்ளுகிறார்கள். வஞ்சிரம் பட்டால் கரையில் காசு. படாவிட்டால் வெறும் வலை, டீசல் கடன். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து கடலுக்குப் போகிறவனைப் பார்த்து "உழைக்காம சம்பாதிக்க ஆசைப்படுறான்" என்று ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்ல எப்படித்தான் மனசு வருதோ.

பந்தயம் என்று சொன்னேனே தவிர, அது சூதாட்டம் கிடையாது. கச்சான் அடித்தால் என்ன ஆகும், வாடை திரும்பினால் எந்த மீன் வரும், கொண்டல் எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் நிறம் மாறினால் என்ன அர்த்தம் என்று ஒரு படிப்பே அவர்களிடம் இருக்கிறது. அப்பா மகனுக்குப் படகில் வைத்துச் சொல்லிக்கொடுத்த படிப்பு. கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டிருந்த ஒரு அண்ணனிடம் இந்த ஆன்லைன் ஆட்டம் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் சொன்னது: "கடல்ல தோத்தா ஏன் தோத்தோம்னு ஒரு கணக்கு கெடைக்கும் தம்பி. காத்து மாறிச்சு, நாம லேட்டா போனோம், வேற எடத்துல போட்டிருக்கணும்னு. அடுத்த நாளைக்கு அது உதவும். போன்ல தோத்தா காசுதான் போகும், ஒண்ணும் தெரியாது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் நீதிமன்றங்களில் பல வருஷமாக ஓடிய வழக்கே இந்தத் "திறமை" என்ற ஒரு வார்த்தையை வைத்துத்தான். திறமை விளையாட்டு என்றால் அனுமதி, அதிர்ஷ்ட விளையாட்டு என்றால் சூதாட்டம். கிண்டி குதிரைப் பந்தயம் திறமை விளையாட்டுதான் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்னால், 1960-களில், செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில், எந்தச் சீட்டு விழுந்தது என்று ஞாபகம் வைக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது. ஆன்லைன் கம்பெனிகள் எல்லா வழக்கிலும் தூக்கிக்கொண்டு ஓடியது இந்தத் தீர்ப்பைத்தான்.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ரம்மி ஆட்டத்திலிருந்து கிளப்போ இடத்துக்காரரோ லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன் எடுத்தே வளர்ந்த தொழில், இந்தப் பாதியை எங்கேயாவது விளம்பரத்தில் போட்டதா?

சரி, திறமை விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். கிளப் மேஜையில் நாலு பேர் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருக்கிறார்கள். கலைத்துப் போடுகிறவர் கை தெரிகிறது. எதிரில் இருப்பவர் நம்மைப் போல ஒரு மனிதர். போனில் யார் கலைக்கிறார்கள்? எதிரில் ஆடுவது ஆளா இயந்திரமா? ஆடுகிறவருக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. நம்மைப் பற்றி மட்டும் அந்தப் பக்கத்துக்கு எல்லாம் தெரியும். எத்தனை மணிக்கு ஆடுகிறோம், எவ்வளவு போனதும் நிறுத்துகிறோம், எந்த போனஸைக் காட்டினால் திரும்பி வருகிறோம் என்று எல்லாம் அவர்கள் கையில் கணக்காக இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்த லிப்ராட்டஸ் என்ற நிரல், போக்கரில் நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களை 20 நாள் உட்காரவைத்துத் தோற்கடித்தது. 2019-ல் ப்ளூரிபஸ் என்ற அடுத்த நிரல், ஆறு பேர் ஆடும் ஆட்டத்திலேயே பெரிய கைகளை ஜெயித்தது. அப்படியென்றால் இந்தத் திறமை இனிமேல் யார் பக்கம் அதிகம்? மனிதனை விட நன்றாக ஆடும் இயந்திரம் வந்த பிறகு, கூலி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பும் ஒருவனிடம் "உன் திறமையைக் காட்டு" என்று விளம்பரம் போடுவது என்ன நியாயம்?

விவசாயி என்பதால் இன்னொன்றும் என் கண்ணில் படும். 2009-ல் பேஸ்புக்கில் பார்ம்வில் என்று ஒரு விளையாட்டு வந்தது. உங்களில் பலர் ஆபீஸ் நேரத்தில் அதில் பயிர் வைத்திருப்பீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். அதனால் ராத்திரி எழுந்துகூடப் பார்த்தவர்கள் உண்டு. பயிர் வாடிடுமோ என்ற பயம் என்னுடையது. என் அப்பாவுடையது. நெஞ்சில் அடிக்கும் அந்தப் பயத்தை எடுத்துத் தூண்டிலில் புழுவாகக் குத்திவிட்டார்கள். பார்ம்வில்லில் போனது பெரும்பாலும் நேரம். அதே தூண்டிலில் வங்கிக் கணக்கைக் கட்டியதுதான் அடுத்து வந்தவர்கள் செய்த வேலை.

அது ஏன் எங்கள் பக்கம் அதிகம் கடிக்கிறது? மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த ஒண்ணாம் தேதி தெரியும். எங்களுக்குப் பணம் மொத்தமாக வரும், பிறகு மாதக்கணக்கில் வராது. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டால் பணம் கணக்கில் ஏறுகிறது. கணக்கு போனில் இருக்கிறது. ஆப்பும் அதே போனில் இருக்கிறது. ஒரு பெரிய மீன்பாடு, அப்புறம் கடல் கொந்தளித்துப் பத்து நாள் கரையில் சும்மா உட்காரும் இளைஞன். வட்டிக்காரன் வாசலில். "ஒரே ஆட்டத்துல அடைச்சிடலாம்" என்று ஒரு நோட்டிபிகேஷன். இதில் பேராசை எங்கே இருக்கிறது? இருப்பது கடன்.

முன்னாடி எங்கள் ஊரில் சீட்டாட்டமே இல்லையா? இருந்தது. பொங்கலுக்கு ஏரிக்கரை மரத்தடியில் மங்காத்தா ஓடும். ஆனால் சட்டைப் பையில் இருக்கும் காசு தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பொண்டாட்டி துடைப்பத்தோடு வருவாள். பெரியவர்கள் கூடிப் பேசினால் அடுத்த நாள் மரத்தடி காலியாகும். குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து நினைத்தால் கரையில் ஓர் ஆட்டத்தை நிறுத்த முடியும். எல்லோர் கண்ணிலும் பட்டதால்தான் நிறுத்த முடிந்தது. போர்வைக்குள் வெளிச்சம் வரும் போனை எந்தப் பஞ்சாயத்து போய் நிறுத்தும்? எங்களால் முடியாததை அரசாங்கம்தான் செய்ய வேண்டும். 2003-ல் லாட்டரியை நிறுத்திய மாநிலம் இது.

அரசாங்கம் செய்யப் போனபோது நடந்த கதையையும் பாருங்கள். 2021-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது, அக்டோபரில் அவசரச் சட்டம், பிறகு மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார், சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரிலேயே ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து உயர் நீதிமன்றம் எடுத்துவிட்டது. காரணம் அதே "திறமை". மிச்சமிருந்த அதிகாரத்தில் ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்ற விதியும் வந்தன. அதையும் எதிர்த்து வழக்கு. 2025 ஜூன் 3-ல்தான் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அஞ்சு மணி நேரம் ஒரு மனிதனைத் தூங்க விடச் சொன்னதற்கே கோர்ட் வாசல் ஏற வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இல்லை, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவுமே கூடாது. நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை. ஆடியவருக்குத் தண்டனை இல்லை. வருஷத்துக்கு சுமார் 20,000 கோடி ரூபாயை மக்கள் இழக்கிறார்கள் என்பது அப்போது மத்திய அரசுத் தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு. அந்த ஒரு வரி, திறமை என்ற வார்த்தையைத் தூக்கி எறிந்த வரி, எனக்குப் பிடித்திருக்கிறது. அதை எதிர்த்தும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் எடுத்துக்கொண்டது.

இப்போது உங்கள் எதிர்க்கேள்விகள். "தடை பண்ணினா வெளிநாட்டு ஆப்புக்குப் போவான்." சிலர் போவார்கள்தான். ஆனால் திருட்டுத்தனமாகத் தேடிப் போவதும், கிரிக்கெட் நடுவில் பெரிய நடிகர் வந்து வீட்டுக்குள் கூப்பிடுவதும் ஒன்றா? பணம் போகும் வழியை வங்கிகள் அடைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அதை ஒழுங்காகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

"ரெண்டு லட்சம் பேர் வேலை போகும்." கம்பெனிகளின் சங்கங்கள் இப்படிச் சொன்னது உண்மை. உங்களில் சிலர் அந்த வேலையில் இருந்திருக்கலாம். வேலை போவதன் வலி எனக்குத் தெரியும், பயிர் போனால் எனக்கும் வேலை போனதுதான். ஆனால் ஒருத்தர் சம்பளம் இன்னொரு வீட்டுத் தாலிக்கொடியை அடகு வைத்து வருகிறது என்றால், அந்த வேலையைக் காப்பாற்றச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

"ஏ.ஐ. வெச்சு அடிமையாகிறவரைக் கண்டுபிடிச்சு நிறுத்திடுவாங்க." இதுதான் எனக்குச் சிரிப்பு வரவைப்பது. யார் பலவீனமான ஆள் என்று கண்டுபிடிக்கும் இயந்திரம், அவனைக் காப்பாற்றவும் உதவும், அவனுக்கே அதிக போனஸ் அனுப்பவும் உதவும். ஆட்டைக் கணக்கெடுக்கும் வேலையை நரியிடம் கொடுத்துவிட்டு, நரி நன்றாக எண்ணுகிறது என்று சந்தோஷப்பட முடியுமா?

அடுத்து வருவதையும் சொல்லிவிடுகிறேன். தலையில் மாட்டும் விஆர் கண்ணாடியில் மீன் பிடிக்கும் விளையாட்டெல்லாம் வந்தாயிற்று. ஆடுகிறவர் கண் எங்கே பார்க்கிறது என்று அளக்கும் கண்ணாடிகளும் விற்பனைக்கு வந்துவிட்டன. குப்பத்துக்காரர் கடலைப் பார்த்துப் படிக்கிறார். அந்தக் கண்ணாடி ஆடுகிறவரைப் பார்த்துப் படிக்கும். காசு கட்டாத விளையாட்டுக்கு 2025 சட்டத்தில் தடை இல்லை, சரிதான். ஆனால் படித்த கணக்கு யாரிடம் போகிறது, பிள்ளைகளிடமிருந்து அதை எடுக்கலாமா என்ற கேள்வியை இப்போதே கேட்காவிட்டால், இன்னும் நாலு வருஷம் கோர்ட் கோர்ட்டாக அலைவோம்.

போன் மேலேயோ கம்ப்யூட்டர் மேலேயோ எங்களுக்குக் கோபம் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோளை வைத்து அலை உயரமும், மீன் கூடும் இடமும் சொல்கிறது. படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. நான் ஏரியா மழை பார்ப்பதே போனில்தான். அந்தக் கருவிகள் என் திறமையோடு சேர்ந்து வேலை செய்கின்றன. தப்பாகச் சொன்னால் தப்பு என்று மறுநாளே தெரிந்துவிடுகிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். உச்ச நீதிமன்றத்தில் அந்த வழக்கு பேசப்படும்போது "தனிமனித சுதந்திரம், திறமை விளையாட்டு" என்று எழுதுவதற்கு முன்னால், எலியட்ஸ் பீச்சிலிருந்து வடக்கே பத்து நிமிஷம் நடந்துபோய், விடியற்காலையில் படகு கரை ஏறுவதை ஒரு நாள் பாருங்கள். திறமை என்றால் என்ன என்று அங்கே தெரியும். அதற்கப்புறமும் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல மனசு வந்தால், எதிரில் நின்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.