செவிலிக்குக் கூற்று இல்லை

பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலி என்றும் பிரித்த தொல்காப்பியம் இருவருக்குமே கூற்று கொடுத்தது. உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறவள் பெரும்பாலும் செவிலிதான். வகுப்பில் இதை நடத்திவிட்டுக் குடும்ப நீதிமன்ற உத்தரவு ஒன்றைப் படித்துப் பாருங்கள். வளர்த்தவள் அங்கே '2ஆம் எதிர்மனுதாரர்'.

நான் அம்மாச்சிகளைப் பற்றிப் பேசுகிறேன். மகள் பிரசவத்திலோ நோயிலோ தீயிலோ போய்விடுகிறாள். கைக்குழந்தை தாய்வீட்டில் வளர்கிறது. நாலைந்து ஆண்டு கழித்து, மறுமணமும் முடித்துக்கொண்டு அப்பா வந்து நிற்கிறார். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் அவரை 'இயற்கைப் பாதுகாவலர்' என்கிறது. இயற்கையாம்! இரவில் மூன்று முறை எழுந்து பால் கரைத்தவளுக்கு அந்த அடைமொழி கிடையாது. பட்டியலில் அப்பா, அவருக்குப் பின் அம்மா, அதோடு சரி. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமும் தகுதியுள்ள தந்தை உயிரோடு இருக்க வேறொருவரை நியமிக்காதே என்றது. அந்த வரிக்குள் தாய் நுழையவே 2010 ஆயிற்று.

"பேரன் அவங்க வீட்டு வாரிசு, விட்டுக் கொடுத்துடு" என்று சொல்வது நம் வீட்டு ஆண்கள்தான். பேத்தி என்றால் அப்பா வீட்டாருக்கு அந்த அவசரம் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

கடைசியில் அம்மாச்சிக்கு மிஞ்சுவது 'சந்திப்பு உரிமை'. சனிக்கிழமை இரண்டு மணி நேரம், நீதிமன்ற வளாகம், பிளாஸ்டிக் நாற்காலி. டப்பாவில் கொண்டுபோன பணியாரத்தைப் பிள்ளை தின்று முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அப்பா பிள்ளையோடு வேறு ஊருக்கு மாறிவிட்டால், பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். அறுபது வயதில் பேருந்து ஏறுகிறவள் அவள்.

இதைத் தலைவிதி என்று ஏற்கச் சொல்கிறவர்களிடம்தான் என் சண்டை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இலேயே தெளிவாகச் சொன்னது: குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற உத்தரவுகள் எல்லாம் அன்றைய நிலைமைக்கான தற்காலிக உத்தரவுகள். நிலைமை மாறினால், காலம் கடந்தால், நீதிமன்றம் அவற்றை மாற்றலாம். நான் பார்த்தவரை இந்த நெகிழ்வைத் திரும்பி வரும் அப்பாக்கள் பயன்படுத்துகிறார்கள். அம்மாச்சிகளுக்கு அப்படியொன்று இருப்பதையே யாரும் சொல்வதில்லை.

1992இல், தாய் இயற்கைக்கு மாறாக இறந்து, தந்தைமேல் கொடுமைக் குற்றச்சாட்டு இருந்த ஒரு வழக்கில், பிள்ளைகளிடமே கேட்டுவிட்டு அவர்களைத் தாய்மாமனிடம் விட்டது உச்ச நீதிமன்றம். வென்றவர் ஓர் ஆண் என்பதையும் ஓரமாகக் குறித்துவைக்கிறேன். 2022இல், கொரோனாவில் பெற்றோரை இழந்த சிறுவன் வழக்கில், வயதையும் வருமானத்தையும் மட்டும் காட்டித் தாத்தா பாட்டியை ஒதுக்க முடியாது என்றது. அவர்கள் அப்பாவழித் தாத்தா பாட்டி. ஆனாலும் அந்த வாதம் அம்மாச்சிக்கும் பொருந்தும்.

பாட்டி என்றாலே புனிதம் என்று நான் சொல்லவில்லை. மகனை இழந்த தாத்தா பாட்டி, பேத்திகளைப் பார்க்கும் நேரத்துக்காக அவர்களின் தாயையே நீதிமன்றத்துக்கு இழுத்த டிராக்ஸெல் வழக்கில், 2000இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் நின்றது. நானும் அங்கே தாயின் பக்கம்தான். தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணை மிரட்ட மாமியார் வீடு இதே சட்டத்தைத் தூக்கி வரும் என்பது நமக்குத் தெரியாதா என்ன? இரத்த உறவு என்பதற்காக நான் எதையும் கேட்கவில்லை. வளர்த்த உழைப்பைக் கணக்கில் எடு என்கிறேன்.

ஆகவே தோழிகளே, உங்கள் தெருவில் இப்படி ஓர் அம்மாச்சி இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பு இல்லை. தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முந்தைய உத்தரவுக்குப் பின் என்ன மாறியது என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்த வேண்டாம். கோடை விடுமுறையில் பாதியையும், தினம் ஒரு வீடியோ அழைப்பையும், நீதிபதி பிள்ளையைத் தனியே அழைத்துப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.