பொடி சரி, பால்கோவா கூடாது! ஸ்பெயினுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. இனி வீட்டில் நடக்கப்போவது பெட்டிப் பஞ்சாயத்து. "ரெண்டு கிலோ வத்தல் வை", "கறிவேப்பிலையை ஈரத்துணியில சுத்தி வை", "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோவாவது வை" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எடை மெஷினில் பெட்டியை ஏற்றி இறக்கியே அன்றைய ராத்திரி போய்விடும்.

என் சித்தி மகள் வெம்பக்கோட்டையிலிருந்து வலென்சியாவுக்கு முதுகலை படிக்கப் போனபோதும் இதே கதைதான். கொண்டுபோனது ஒரு மாதத்தில் தீர்ந்தது. அதன்பிறகு பிரெட், நூடுல்ஸ், வாழைப்பழம். வீடியோ காலில் சித்தி கேட்கும் முதல் கேள்வியே "என்ன சாப்ட்ட?" என்பதுதான். அவள் சாம்பார் என்றாள், ரசம் என்றாள். முகம் மெலிந்துகொண்டே வந்ததைப் பார்த்துத்தான் சித்திக்கு விஷயம் புரிந்தது.

கையில் காசு இல்லாமல் அவள் பட்டினி கிடக்கவில்லை. 'நம்ம சாமான் இங்க கிடைக்கல, அப்புறம் எப்படிச் சமைக்கிறது?' என்ற மலைப்புதான். "அந்தப் பொருள் எங்க கிடைக்கும்னு தேடாத. அது குழம்புல என்ன வேலை செய்யுதுனு பாரு. அந்த வேலையைச் செய்ய அங்க என்ன இருக்குனு தேடு" என்றார் சித்தி. அதற்குப் பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் சமைத்துப் பார்த்துச் சொன்னதையும், நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இந்த வாரம் தருகிறேன்.

எதை வைக்கக் கூடாது?

பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய், உப்புக்கண்டம் எல்லாமே இதில் அடங்கும். பிடிபட்டால் குப்பைக்குப் போகும், அபராதமும் விழலாம்.

பச்சைக் கறிவேப்பிலைக்கும் தடை உண்டு. 2019 டிசம்பர் 14 முதல், பயணிகள் கொண்டுவரும் செடி, இலை, காய், பழம் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். விதிவிலக்கு ஐந்தே பழங்களுக்குத்தான்: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, துரியன்.

ஓர் இணுக்குக் கறிவேப்பிலைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் ஒரு நோயைப் பரப்பும் சின்னஞ்சிறு பூச்சி, கறிவேப்பிலைச் செடியிலும் தங்கும். ஐரோப்பாவில் ஆரஞ்சு வகைப் பழங்கள் அதிகம் விளைவது ஸ்பெயினில்தான். அதிலும் வலென்சியா ஆரஞ்சுக்கே பேர்போன ஊர். நம் பெட்டியில் ஒளிந்து போகும் இலையால் அங்கே ஒரு விவசாயியின் தோப்பே போகலாம். அதனால் 'யாரு பார்க்கப்போறா' என்ற துணிச்சல் இதில் வேண்டாம். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடியாக்கிக் கொடுத்துவிடுங்கள். மிளகாயையும் முழு வத்தலாக வைக்காமல் திரித்த பொடியாக வைப்பதே நல்லது.

நிறம் வேறு, காரம் வேறு

புவிசார் குறியீடு வாங்கிய நம் விருதுநகர் சம்பா வத்தல் குழம்பில் இரண்டு வேலை செய்கிறது. நிறமும் தரும், காரமும் தரும். ஸ்பெயினில் இந்த இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

நிறத்துக்கு 'பிமெந்தோன்' எனும் சிவப்பு மிளகாய்ப் பொடி எல்லாக் கடையிலும் கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'லா வேரா' பகுதியில் தயாராகும் பிமெந்தோனை ஓக் விறகுப் புகையில் காயவைக்கிறார்கள். அதைப் புளிக்குழம்பில் போட்டால் அடிப்பிடித்த வாடைதான் வரும். முர்சியா பகுதியின் பிமெந்தோன் வெயிலில் காய்ந்தது, புகை வாடை இருக்காது. அதை ஒரு கரண்டி போட்டு, காரத்துக்கு 'கயேனா' என்று விற்கும் சின்ன மிளகாயின் பொடியைக் கால் கரண்டி சேர்த்தால் நம் குழம்பின் நிறமும் காரமும் வந்துவிடும்.

எண்ணெயிலும் கவனம் தேவை. கிழக்காசியக் கடைகளில் விற்கும் நல்லெண்ணெய் பெரும்பாலும் வறுத்த எள்ளில் எடுத்தது. அதில் தாளித்தால் நம் செக்கு எண்ணெயின் வாசம் வராது. தாளிக்கச் சூரியகாந்தி எண்ணெய் போதும்.

சாம்பாரும் இட்லியும்

துவரம்பருப்பு சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது கஷ்டம். 'லென்தேஹா ரோஹா' என்று இருப்பது நம் மைசூர் பருப்பு. கால் மணி நேரத்தில் குழைந்துவிடும், சாம்பாருக்கு உடம்பு கொடுக்கும். புளிக்கு லத்தீன் அமெரிக்கக் கடைகளில் 'தமரிந்தோ' என்று கேளுங்கள். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மரவள்ளிக் கிழங்கு, குழம்பில் போடும் வாழைக்காய், கொத்தமல்லித் தழை மூன்றுக்கும் அதே கடைக்குப் போகலாம். புளி கிடைக்காத நாளில், அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் போதும்.

வலென்சியா அரிசிக்குப் பழகிய ஊர். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் வயல்கள்தான். அங்கே விளையும் குண்டரிசி பச்சரிசி, அதை மட்டும் அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும். பாக்கெட்டில் 'வபோரிசாதோ' என்று போட்டிருந்தால் அது புழுங்கல். இரண்டையும் கலந்து அரைக்கலாம். உளுந்துக்கு மாட்ரிட்டில் லவாபியேஸ், பார்சிலோனாவில் ரவால் பகுதிகளில் தெற்காசியக் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் ஆன்லைன்தான் வழி. குளிர்காலத்தில் மாவு புளிக்காது. அடுப்பைப் பற்றவைக்காமல், அவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

பிரஷர் குக்கரைச் சுமக்க வேண்டாம். கொண்டைக்கடலை, பருப்பு வேகவைக்க ஸ்பெயின் வீடுகளிலும் குக்கர் உண்டு. நம் அலுமினியக் குக்கரோ இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஏறாது.

சாத்தூர் சேவு அங்கேயும்!

கடலை மாவு மட்டும் தேடி அலைய வேண்டாத பொருள். தெற்கே காதிஸ் பகுதியில் சின்ன இறாலைக் கடலை மாவு கலந்த கரைசலில் போட்டு அடைபோலப் பொரிக்கிறார்கள். அதனால் 'அரினா தே கர்பான்சோ' கடைகளில் கிடைக்கும். அது வெள்ளைக் கொண்டைக்கடலையில் திரித்தது என்பதால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். அரிசி மாவு, பூண்டு, மிளகாய்ப் பொடி சேர்த்து, அச்சு இல்லாவிட்டால் துளைக் கரண்டியில் தேய்த்துவிட்டால் காரச்சேவு தயார். முதல் தடவை கொஞ்சம் கடினமாக வந்ததாம். ஆனாலும் உடன் தங்கியிருந்தவர்கள் ஒரே ராத்திரியில் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள்.

இது நம்ம சாப்பாடுதானா?

பிமெந்தோன் போட்ட குழம்பைப் பார்த்து என் சித்தி மகளுக்கே இந்தச் சந்தேகம் வந்தது. பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டினால் தெளிவாகிவிடும்.

மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1493-ல் திரும்பியபோது மிளகாய் ஸ்பெயினுக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. அதுவரை இங்கே காரம் என்றால் மிளகு. புதுக் காய்க்கு மிளகை வைத்தே 'மிளகாய்' என்று பெயரிட்டோம். ஸ்பானிஷ்காரர்களும் இதையேதான் செய்தார்கள். அவர்கள் மொழியில் மிளகு 'பிமியெந்தா', மிளகாய் 'பிமியெந்தோ'.

இன்னும் பின்னே போனாலும் இதுதான். வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. வைப்பாற்றங்கரையில் சங்கு விளையாது, கடற்கரையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததை நம்முடையதாக்கிக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆகவே அம்மாக்களே, பெட்டியில் கறிவேப்பிலைப் பொடி, மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, பெருங்காயம் வையுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையை ஒரு வாரம் அடுப்படியில் நிறுத்தி, எது எதற்காகப் போடுகிறோம் என்று சொல்லிக்கொடுங்கள். அதற்கு எடைக் கட்டுப்பாடு இல்லை. கிளம்பும் பிள்ளைகளே, வீடியோ காலில் "என்ன சாப்ட்ட?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பிரெட்தான் என்றால் பிரெட் என்றே சொல்லுங்கள். எது கிடைக்கவில்லை என்று தெரிந்தால்தான் வேறு எதைப் போடலாம் என்று அம்மாவால் சொல்ல முடியும்.